அடித்தல் திருத்தல்

முப்பத்தொரு வருஷம்
தேவகோட்டை சார்பதிவாளர் ஆபீசில்
அடுத்தவர் பத்திரங்களுக்கு எண் போட்டவள் நான்.
கிழக்கே காளியப்பன் புஞ்சை, மேற்கே வண்டிப்பாதை,
வடக்கே ஊருணிக் கரை,
தெற்கே பிற்பாடு எவனோ கேஸ் போடப்போகும்
மூன்றடிச் சந்து.
இந்த நான்கெல்லைக்கு உட்பட்டு என்று
லட்சம் தடவை வாசித்திருப்பேன்.
உட்பட்டுக் கிடந்தது நான்தான் என்று
ஓய்வுபெற்ற மறுநாள்
பத்தரை மணிக்குத் தெரிந்தது.

எழுத உட்கார்ந்தால்
கை பழைய தடத்திலேயே போனது.
‘சேவுகன் குமாரத்தி முத்திருளாயி ஆகிய நான்
முழு மனதுடன், பிறர் தூண்டுதல் ஏதுமின்றி’
முதல் கதையின் முதல் வரி
அப்படித்தான் வந்து விழுந்தது.
அடிக்கவில்லை.
உண்மையும் அதுதானே,
ஒருத்தரும் என்னை எழுதச் சொல்லவில்லை.

பணிக்கொடையில் போர்வெல் போடலாம் என்றார் மருமகன்.
நல்ல யோசனைதான்.
தண்ணீர் லாரிக்கு இன்னும்
செவ்வாய்க்கிழமை குடம் வைக்கிறேன்.
அந்தப் பணத்தில்
காரைக்குடி கல்லுக்கட்டிப் பக்கம்
வயிரவன் அச்சகத்தில்
காதுகுத்துப் பத்திரிகைகளுக்கு நடுவே
இருநூறு பிரதி அடித்தேன்.
“மேல பிள்ளையார் போட்ரவா?” என்றார்
பழக்க தோஷத்தில்.
அப்புறம், விலை என்ன?

ஊரின் ஒவ்வொரு சர்வே எண்ணுக்கும்
வழிகாட்டி மதிப்பு மனப்பாடம் எனக்கு.
என் நூற்றிருபது பக்கத்துக்கு வாய் வரவில்லை.
எண்பது, என்றேன்.
குறைமதிப்பு என்று எழுதி
நானே திருப்பி அனுப்பியிருப்பேன்
அப்படியொரு பத்திரம் வந்திருந்தால்.

கட்டுகள் கட்டிலுக்கடியில்.
பதினேழு பிரதி போயிற்று,
அதில் ஒன்பது தான செட்டில்மெண்ட்.

நாற்பத்துமூன்றாம் பக்கத்தில் தொடங்குவது
ஒருத்தியின் கதை.
பெரிய வீட்டில்
அறுபத்துநாலில் ஒரு பங்கு அவளுக்கு.
அண்ணன்மாருக்கு விட்டுக்கொடுக்க வந்திருந்தாள்.
சட்டத்தில் அதற்கு
விடுதலைப் பத்திரம் என்று பேர்.
இடது பெருவிரலை மையில் உருட்டும்போது
“யாருக்குங்க விடுதலை?” என்றாள்.
அன்றைக்கு நான்
அடுத்த ஆளைக் கூப்பிட்டேன்.
பதில் எழுத இருபத்திரண்டு வருஷமும்
பதினாலு பக்கமும் ஆயிற்று.

ஆடி மாசத்து மத்தியானம்,
பள்ளத்தூரிலிருந்து பஸ் ஏறி வந்து
கதவைத் தட்டினாள் அவளே.
முன்முடி நரைத்திருந்தது.
கையில் என் புத்தகம்,
நடுவில் பஸ் டிக்கெட் செருகி.
எனக்கு நெஞ்சு அடித்துக்கொண்டது.
பேரை மாற்றியிருந்தேன், ஊரை மாற்றியிருந்தேன்,
அந்த ஒரு கேள்வியை மட்டும்
மாற்ற மனசு வரவில்லை.

காப்பி வேண்டாமென்றாள்.
பக்கத்தை விரித்து விரல் வைத்தாள்:
“ரெண்டாங்கட்டுக்கு மேற்க கெணறுன்னு
எழுதியிருக்கீக.
கெணறு கெழக்க.
மேற்க பவளமல்லி.
எங்க பங்கு ஜன்னலத் தெறந்தா
அது ஒண்ணுதான் தெரியும்.”

அவ்வளவுதான் புகார்.
மற்றதெல்லாம் சரியா என்று கேட்க
எனக்குத் துணிச்சல் இல்லை.
செருப்பை மாட்டும்போது சொன்னாள்,
“இன்னொண்ணு குடுங்க, சின்ன அண்ணனுக்கு.
திருத்திட்டுக் குடுங்க.”
எண்பது ரூபாய்.
பத்தும் இருபதுமாக எண்ணி வைத்தாள்.

ராத்திரி, கட்டிலுக்கடியிலிருந்து
நூற்றெண்பத்திரண்டையும் இழுத்துப் போட்டேன்.
கிணற்றை அடித்து
மேலே பவளமல்லி எழுதி
ஓரத்தில் சுருக்கொப்பம்.
கீழே, கை தானாகவே:
இந்தப் பக்கத்தில் அடித்தல் ஒன்று, கூடுதல் ஒன்று.

நாற்பது முடிவதற்குள் விடிந்துவிட்டது.
பேனாவில் மை இல்லை.
கடை ஒன்பதுக்குத்தான் திறக்கும்.